அறுபது எழுத்து

அலுவலகத்தில் அவளுக்குப் பசை என்று பெயர். கேலிக்கு வைத்ததல்ல, வேலை வைத்த பெயர். பார்சல் அனுப்பும் கைபேசிச் செயலி ஒன்றைச் செய்து நடத்தும் அந்தச் சின்னக் கம்பெனியில், வாடிக்கையாளர் எதைக் காப்பி எடுத்தாலும் எங்கே பேஸ்ட் செய்தாலும் அந்த இடத்து நிரல் முழுக்க அவள் எழுதியது. "பசை அக்கா, இங்க ஒட்ட மாட்டேங்குது" என்று நாளுக்கு நாலு பேர் கூப்பிடுவார்கள். அவளும் எழுந்து போய் ஒட்ட வைத்துவிட்டு வருவாள்.

கைபேசியில் காப்பி எடுத்தது எங்கே போய் உட்காருகிறது என்று நம்மில் யாரும் யோசிப்பதில்லை. கிளிப்போர்டு என்று ஓர் இடம் உண்டு. ஒரே ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கொள்கிற சட்டைப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றை உள்ளே வைத்தால் பழையது போய்விடும், சத்தமே இருக்காது. போனை அணைத்தாலும் போய்விடும். புதிய போன்கள் ஒரு மணி நேரத்தில் தாங்களாகவே துடைத்துவிடுகின்றன. பழைய போன்களில் அந்தச் சீட்டு நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். கிடக்கிறவரை, திறக்கிற செயலி எதுவானாலும் பைக்குள் கையை விட்டுப் பார்க்கலாம். சொல்லிவிட்டுப் பார்ப்பது நாகரிகம். நாகரிகம் எல்லாருக்கும் வந்துவிடுகிறதா என்ன?

அவளுடைய செயலி சொல்லிவிட்டுத்தான் பார்த்தது. யாரோ மெசேஜில் ஒரு முகவரி அனுப்புகிறார்கள். நீங்கள் அதைக் காப்பி எடுத்துக்கொண்டு பார்சல் செயலியைத் திறக்கிறீர்கள். திறந்ததும் திறக்காததுமாக, "இந்த முகவரிக்கா அனுப்ப வேண்டும்?" என்று அது கேட்கும். ஆமாம் என்று ஒரு தட்டு, வேலை முடிந்தது. இது அவள் யோசனை. கம்பெனியில் கைதட்டி, கேக் வெட்டி, மேலாளர் அவள் தோளில் தட்டிக்கொடுத்த யோசனை.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. காப்பி எடுத்தது முகவரிதானா, இல்லை மாமியார் அனுப்பிய மருந்துப் பட்டியலா என்று செயலி பிரித்தறிய வேண்டும் அல்லவா? அதைப் பழக்குவதற்காக, பரிசோதனைக் காலத்தில் மட்டும், பைக்குள் என்ன இருந்தாலும் அதன் முதல் அறுபது எழுத்தை அலுவலகக் கணினிக்கு அனுப்பிவைக்கும்படி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். வரிக்கு மேலேயே, "வெளியிடுவதற்கு முன் இதை எடுத்துவிடவும்" என்று குறிப்பும் எழுதியிருந்தாள். எடுக்க வேண்டிய வாரத்தில் அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் அங்கே இருந்தாள். இங்கே வேறொருவர் அவசரத்தில் செயலியை வெளியே விட்டார். அந்த வரியும் போயிற்று, குறிப்பும் கூடவே போயிற்று.

பத்து மாதம் யாருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தவள் சோதனைப் பிரிவுப் பெண். கம்பெனியில் பூதக்கண்ணாடி என்று சொன்னால்தான் தெரியும். அவள் கண்ணிலிருந்து ஒரு பிழை தப்பியதாகச் சரித்திரம் இல்லை, இது ஒன்றைத் தவிர. புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, பையைக்கூட இறக்காமல் பசையின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, சர்வர்ல ஒரு டேபிள் சும்மா வீங்கிக்கிட்டே போகுது. என்னன்னு பாத்தேன். பாத்திருக்கக் கூடாது."

"என்ன டேபிள்?"

"நீங்களே பாருங்க. எனக்கு வாசிக்கவே ஒரு மாதிரி இருக்கு."

பசை திரையைத் திருப்பிப் பார்த்தாள். அலுவலகக் கணினியில் சேர்ந்திருந்த அட்டவணை வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் முகவரிகள், அவை போகட்டும். நடுநடுவே மற்றவை. யாருடைய ரகசியக் குறியீடோ. ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்று. "இனிமே இந்த நம்பருக்கு கூப்பிடாதீங்க, எனக்கு கல்யாணம் ஆயிடுச்" என்று ஒன்று. "குழந்தை அசையவே இல்லன்னு டாக்டர்கிட்ட சொன்னேன், அவங்க உடனே வர" என்று இன்னொன்று. "நான் போனதுக்கப்புறம் நாய்க்கு யாரு சாப்பாடு போடுவாங்கன்னு தா" என்று ஒன்று. எல்லாம் அறுபது எழுத்தில் முறிந்து நின்றன. பெரிய கட்டடம் ஒன்றில் மாடி மாடியாக ஆட்கள் நின்றுகொண்டு ஆளுக்கு அரை வாக்கியம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதைப் போல இருந்தது. அவள் திரையைக் கீழே நகர்த்த நகர்த்தப் புதிது புதிதாக வந்தது. அந்த நிமிடமும் ஊரில் யாரோ எதையோ காப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரையை நகர்த்துவதை நிறுத்தினாள். "இது என் வரி" என்றாள்.

"தெரியும் அக்கா. மேல குறிப்பு இருக்கு, உங்க பேர் போட்டு."

மேலாளருக்கு 'அடுத்த வாரம்' என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். அன்றைக்கு அவர் அந்தச் சொல்லை வாயிலெடுக்கவில்லை. வக்கீலிடம் முக்கால் மணி நேரம் போனில் பேசிவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மதியத்துக்குள்ள அந்த வரிய எடுத்துட்டுப் புது வெர்ஷன் விடணும். எத்தனை வரி சேர்ந்திருக்குன்னு எண்ணிக்கைய மட்டும் எழுதிக்குங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மொத்தத்தையும் அழிச்சிடணும், பேக்கப்போட. வாடிக்கையாளர் எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கடிதம் போகுது. ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து அழிங்க. ஒருத்தர் செய்யணும், ஒருத்தர் பாக்கணும். ஒரு விஷயம், யாரும் படிக்கக் கூடாது. ஒரு வரி கூட."

"சரி சார்" என்றாள் பசை.

"நீ வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா. அப்பா விஷயம் நடந்த வாரம்தானே அது" என்றார் அவர். இரக்கமாகத்தான் சொன்னார். அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வரியை எடுத்தாள். புது வெர்ஷன் போயிற்று. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவள் பசியில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே வெயில் காலி நாற்காலிகளின் மேல் விழுந்திருந்தது. அப்போதுதான் அது அவள் மண்டைக்குள் வந்தது.

தம்பியும் இந்தச் செயலியைத்தான் வைத்திருந்தான்.

தம்பி ஏசி மெக்கானிக். மூன்று மாதத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை முற்பகலில், மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே பொருத்தியிருந்த இயந்திரத்தைக் கழற்றும்போது கால் வைத்த இரும்புச் சட்டம் பெயர்ந்து விழுந்து செத்தான். இருபத்தெட்டு வயது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது, அவளும் சொல்லமாட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்த போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடி பொடியாகி, உள்ளே பச்சைத் தகடு ஒடிந்து தெரிந்தது. அம்மா அதைப் பார்த்து அலறினாள். இவள் அதைப் பார்த்து, கிளிப்போர்டு போய்விட்டது என்று நினைத்தாள். தம்பி போய்விட்டான் என்பதற்கு முன்னால் இந்த நினைப்பு வந்தது. இதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது.

அப்பாவுக்கு மூச்சுக்குழாய் போட்டு நாலாவது நாள், இனி குழாயை வைத்திருப்பது அவரை வதைப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தம்பி வெளியூர் வேலையில் இருந்தான், தகவல் தெரிந்து பஸ் ஏறிவிட்டான். வந்துகொண்டே இருக்கிறேன் என்று இரண்டு முறை போன் செய்தான். அவள் கையெழுத்துப் போட்டாள். நாற்பது நிமிடம் கழித்து, கருவிப் பை தோளில் தொங்க அவன் வாசலில் வந்து நின்றபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னேன்ல?" என்றான்.

மூன்று ராத்திரி தூங்காத வாய். அது சொன்னது: "நீ எப்பவும் வந்துக்கிட்டேதான்டா இருப்ப."

அதன் பிறகு ஏழு மாதம் அவன் அவளிடம் பேசவில்லை. அம்மா இருந்தது அவளுடன். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், மேலே ஏறி வரமாட்டான். கீழே கேட்டில் நின்று வண்டி ஹாரனை அடிப்பான். அம்மா இறங்கிப் போவாள். அவள் பால்கனியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று அவன் தலையின் மேல்பக்கத்தைப் பார்ப்பாள். உச்சியில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை. குழாயை எடுத்தது சரி என்றுதான் அவள் நினைத்தாள், இன்றும் அப்படித்தான் நினைக்கிறாள். சொன்ன சொல்தான் தப்பு. இரண்டையும் பிரித்து ஒரு வாக்கியமாக்க அவளுக்கு வரவில்லை, நிரல் எழுதிப் பிழைக்கிறவளுக்கு.

அவன் சாவதற்கு நாலு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அவள் கைபேசியில் அவன் பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்' என்று வந்தது. வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. பதினோரு நிமிடம். அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நின்றுவிட்டது. ஒன்றும் வரவில்லை.

அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை, தம்பியின் வழக்கம் தெரியும். கோபத்தில் எழுதினாலும் பாசத்தில் எழுதினாலும் உடனே அனுப்பமாட்டான். அழிக்கவும் மாட்டான். முழுதாக எழுதி, கட் செய்து, கையில் வைத்துக்கொள்வான். "சூடு ஆறட்டும்" என்பான். இரண்டு மணி நேரம் கழித்து ஒட்டி அனுப்புவான். ஆக, சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று அவள் இருந்தாள். வரவில்லை. புதன் வரவில்லை. அவன்தானே தொடங்கினான், அவனே முடிக்கட்டும் என்று வீம்பாகவும் இருந்தது. சனிக்கிழமை வேறு போன் வந்தது.

அன்றிலிருந்து மூன்று மாதமாக அந்தப் பதினோரு நிமிடம் அவளை விடவில்லை. பல் துலக்கும்போது, பஸ்ஸில், கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது, கண் ஓரத்தில் 'டைப் செய்கிறார்' என்று ஓடும். போனை எடுத்துப் பார்ப்பாள். இருக்காது. திட்டி எழுதினானா? நீதான் அப்பாவைக் கொன்றாய் என்று எழுதினானா? இல்லை, போகட்டும் விடு என்று எழுதினானா? அவன் அவளை வெறுத்துக்கொண்டே செத்தானா இல்லையா என்பது அந்த எழுத்துக்குள் இருந்தது. அது அவனோடு மூன்றாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

இப்போது பார்த்தால், அவன் அதைக் கட் செய்துவிட்டு ஒரு முறை, ஒரே ஒரு முறை பார்சல் செயலியைத் திறந்திருந்தால் போதும். அவள் எழுதிய அந்த வரி அவன் பைக்குள் கையை விட்டிருக்கும்.

படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவளும் சரி சார் என்று சொல்லியிருந்தாள். ஒன்று பத்துக்கு அவன் கைபேசி எண்ணைத் தேடும் இடத்தில் அடித்தாள். என்டரைத் தட்டினாள்.

ஐந்நூற்றுச் சொச்சம் வரிகள். மேலிருந்து எல்லாம் முகவரி. உதிரிப் பாகக் கடைகள், சர்வீஸ் சென்டர்கள், பழுதான போர்டுகளை அனுப்பும் இடங்கள். அவனுக்குத் தடித்த விரல், கண்ணாடியில் எழுத்து எழுத்தாகத் தட்டுவது என்றால் உயிர் போகும். கடைக்காரர்கள் மெசேஜில் அனுப்புவதை அப்படியே காப்பி எடுத்து ஒட்டிப் பிழைப்பை ஓட்டியிருக்கிறான். அக்காவின் யோசனையை அவன் அளவுக்கு உபயோகித்தவன் எவனும் இருக்கமாட்டான். பேசாமல் இருந்த ஏழு மாதமும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அவள் செய்த கதவைத்தான் திறந்துகொண்டிருந்தான்.

தேதியைக் கீழே கொண்டுபோனாள். செவ்வாய்க்கிழமை. மூன்று இருபத்தொன்று.

"அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ கையெழுத்து போட்டதுக்கு நான"

அவ்வளவுதான். அதற்கப்புறம் கட்டம் காலி.

அவள் முதலில் செய்தது, காலியாக இருந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தது. பைத்தியக்காரத்தனம்தான். திரைக்குள் ஒட்டியிருக்கும் தூசா அது, தேய்த்தால் போவதற்கு? பிறகு எண்ணினாள். கணினி நம்மைப் போல எண்ணாது. அதற்குக் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி எழுத்து. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். சரியாக அறுபது. அறுபத்தொன்றாவது, நான் என்பதன் கடைசிப் புள்ளி. அதைக்கூட வைக்க விடவில்லை.

அறுபது என்ற எண் அவள் போட்டது. நூறு என்று போட்டிருக்கலாம். ஐந்நூறு போட்டிருந்தாலும் கம்பெனி முழுகிப் போயிருக்காது. முகவரியா இல்லையா என்று தெரிய அறுபது தாராளம், எதற்கு வீணாக இடத்தை அடைப்பானேன் என்று ஒரு மத்தியானம் போகிற போக்கில் போட்ட எண். ஆஸ்பத்திரியில் நாற்பது நிமிடம் பொறுக்கவில்லை. இங்கே ஒரு புள்ளிக்குப் பொறுக்கவில்லை. தம்பி இரண்டு தடவை அவளிடம் வந்துகொண்டே இருந்தான், இரண்டு தடவையும் அவன் வந்து சேருவதற்குள் அவள் முடித்துவிட்டாள். இதை நினைத்தபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது.

போட்டதுக்கு நான் என்ன? உன்னைச் சாகிறவரை மன்னிக்கமாட்டேன் என்றா? கோபப்பட்டிருக்கக் கூடாது என்றா? அவன் குரலில் இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் பொருந்தின. அதுதான் கொடுமை.

பிறகுதான் அடுத்த வரியைப் பார்த்தாள்.

செவ்வாய், ஐந்து நாற்பது: "அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ கையெழுத்து போட்டதுக்கு நான". புதன் காலை ஒன்பது பத்து, அதே அறுபது எழுத்து. புதன் பன்னிரண்டு. புதன் நாலரை. வியாழன் இரண்டு முறை. வெள்ளி ஒரு முறை. சனிக்கிழமை காலை பத்து ஐந்துக்கு ஒன்று. அதற்குப் பிறகு அந்த எண்ணில் எதுவும் இல்லை.

முதலில் இது கணினியின் கோளாறு என்று நினைத்தாள். ஒரே வரி திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கும். தொழில் புத்தி அப்படித்தானே போகும்? சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, அவன் அந்த நாலு நாளில் அனுப்பிய பார்சல்களைத் திறந்து பார்த்தாள். ஒன்பது திறப்பு, ஒன்பது பார்சல். எல்லாம் நிஜமாகவே போய்ச் சேர்ந்தவை. முகவரிகளைப் பார்த்தாள். சர்வீஸ் சென்டர் என்பதற்குச் 'சரவீஸ சேண்டர்' என்று இருந்தது. தெருப் பெயரில் இரண்டு எழுத்து முன்பின்னாக இருந்தது. ஒன்றில் கதவு எண்ணை இரண்டு தடவை அடித்திருந்தான். ஒன்பதும் இப்படியே.

கையால் அடித்திருக்கிறான். எழுத்து எழுத்தாக, அந்தத் தடித்த விரலால், வேலைக்கு நடுவே, கிரீஸ் கையோடு. ஏழு மாதமாக ஒரு முகவரியைக்கூடக் கையால் அடிக்காதவன் அந்த நாலு நாள் ஒன்பதையும் அடித்திருக்கிறான். ஏனென்றால் ஒரு முகவரியைக் காப்பி எடுத்தால் பைக்குள் இருப்பது போய்விடும். அவனுடையது பழைய போன். அணைக்காமல், வேறெதையும் காப்பி எடுக்காமல் பார்த்துக்கொண்டால் எத்தனை நாளானாலும் இருக்கும். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது அழுகை வந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாரும் இல்லாத அலுவலகத்தில், மூக்கு ஒழுக ஒழுக அழுதாள்.

பூதக்கண்ணாடி சாப்பிட்டுவிட்டு வந்தவள் திரையையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். யார் எண் அது என்று கேட்கவில்லை. அவள் கண்ணுக்கு அதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து நாலு மணி வரை வேறெதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, ஒன்னு சொல்லட்டுமா? நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பாக்குறேன். உங்களுக்கு வேணுங்கறத எடுத்து வச்சுக்குங்க. யாருக்கும் தெரியாது."

பசை திரையைப் பார்த்தாள். மவுஸின் அம்பு அந்த வரியின் மேல்தான் நின்றிருந்தது. ஒரு காப்பி, அவ்வளவுதான்.

"அவன் அனுப்பலயே" என்றாள். "அனுப்பாதத நான் எடுத்தா அது திருட்டு. படிச்சதே திருட்டுதான். 'அடுத்த வாரம்' சார்கிட்ட சொல்லிடுறேன், படிச்சேன்னு."

"சொல்லணுமா?"

"சொல்லணும்."

எண்ணிக்கையை எழுதிக்கொண்டார்கள். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அழிக்கும் கட்டளையை அவள் அடித்தாள், பூதக்கண்ணாடி எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தாள். அத்தனை பேரின் அரை வாக்கியங்களும் போக ஒரு விநாடிகூட ஆகவில்லை. நாயை வளர்த்தவர், குழந்தை அசையாதவள், கூப்பிடாதே என்றவர், தம்பி. பிறகு பேக்கப்பையும் அழித்தார்கள். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் மூன்று மாதமாகக் கவனித்துக் கேட்கிறாள், எங்காவது தட்டுகிறதா என்று.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அம்மா பால்கனியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கீழே கேட் பக்கம் எந்த வண்டி நின்றாலும் அம்மாவின் கை ஒரு கணம் நிற்கும், பிறகு மடிக்கும்.

"என்னடி, முகம் வீங்கியிருக்கு?"

சொல்லக் கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். சொல்லிவிட்டாள். கிளிப்போர்டு, சர்வர் எல்லாம் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "தம்பி எனக்கு ஒரு மெசேஜ் எழுதி வச்சிருந்தான்மா. இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு" என்று தொடங்கினாள்.

அம்மா துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். "என்னன்னு?"

"அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ கையெழுத்து போட்டதுக்கு நான்..."

அம்மா காத்திருந்தாள். மகள் மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்லப் போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம், அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா இருந்துச்சு. மீதி போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"கிடைக்காது. ஆனா திட்டி எழுதலம்மா. எனக்குத் தெரியும். திட்டறதா இருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பான், அவன் திட்டுறத அடைகாக்குற ஆளா? செவ்வாக்கிழமை எழுதினத சனிக்கிழமை வரைக்கும் பத்திரமா வச்சிருந்திருக்கான். அது அழிஞ்சிடக் கூடாதுன்னு மத்ததெல்லாம் கையாலயே அடிச்சிருக்கான். நாலு நாளும்மா. கடைசி நாள் காலையிலகூட இருந்திருக்கு." சொல்லச் சொல்ல அவள் குரலில் ஏதோ வெளிச்சம் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் நெஞ்சு கொஞ்சம் இளகியிருந்தது. அம்மாவுக்கும் அதில் பாதியைக் கொடுத்துவிடும் அவசரத்தில் பேசினாள்.

அம்மா அதையெல்லாம் மெல்ல வாங்கிக்கொண்டாள். மெசேஜை எழுதியது, வைத்திருந்தது, நாலு நாள். மகனை அறிந்தவள். அவளுக்கு இதில் புரியாத இடம் எதுவும் இல்லை.

"நீ பாத்தியா, அவன் எழுதுறத?"

"பாத்தேன். டைப் பண்றான்னு காட்டுச்சு."

"நாலு நாளா வச்சிருந்தானா?" என்றாள் அம்மா. "அப்ப, என்னடான்னு நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கான்."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மகன் பசியோடு வந்திருப்பான் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மடியில் இருந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, மற்ற துணிகளின் மேல் வைத்தாள்.